வீட்டு ஆளுக்கு எதுக்கு அடிக்குறிப்பு

பேடா பெட்டியைப் பரமு நேராக நாகவேணியிடம் கொண்டுவந்து நீட்டினான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறாள், கொழுந்தன் எதை வாங்கி வந்தாலும் அது அவன் அம்மா கைக்குத்தான் போகும். அவளாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தால் உண்டு. இன்றைக்கு என்ன, புதுசாக அண்ணிமேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது?

"கை கறையா இருக்கு. அங்க வை," என்றாள்.

நிஜமாகவே கறைதான். பச்சைப் பாக்கின் கறை எந்த சோப்புக்கும் அசையாது. டிசம்பர் பிறந்துவிட்டால் கோணெகத்தெ கிராமத்தில் எந்தப் பெண்ணின் கையும் பார்க்கும்படி இருக்காது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகையில், மேட்டிலிருக்கும் மேல்கேரித் தெருவின் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பலகையில் நட்டுவைத்த வளைந்த கத்தியில் காயைக் குத்தித் தோலைப் பிளந்து பாக்கை உதறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அண்டாவில் போன வருஷத்துச் சாயத்தண்ணீர் கொதித்தது. அதில் வேகவைத்த பாக்கு முற்றத்து மூங்கில் பந்தல்மேல் காய்கிறது. நான்கு வெயில் நன்றாகக் கிடைத்தால் தப்பிக்கலாம். வானம் என்னவோ காலையிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

பரமுவுக்குப் பின்னால் பல்லவி சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தாள். போன வைகாசியில்தான் கல்யாணம். பெங்களூரில் வளர்ந்தவள், முற்றத்தில் கால் வைக்கும்போதெல்லாம் எங்கே வைக்கலாம் என்று யோசிப்பாள்.

"வாங்க மாஸ்டரே!" கொட்டகையிலிருந்து கரியம்மா குரல் கொடுத்தாள். உரிப்பவர்களிலேயே வாய் நீளமானவள் அவள்தான். "இந்த வருஷமாவது டாக்டர் ஆயிட்டீங்களா, இல்லை இன்னும் கம்பவுண்டர்தானா?"

கொட்டகை மொத்தமும் சிரித்தது. பரமு சிரிக்கவில்லை.

"எம் பேத்தி மொபைல்ல காட்டினா நாகம்மா," கரியம்மா இவள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்க எழுதினீங்களே, அந்தப் புஸ்தகம். அதுல எம் பேரு இருக்கு. 'சொன்னவர் கரியம்மா, மேல்கேரி'ன்னு. நான் சொன்ன கெட்ட வார்த்தைகூட அப்படியே இருக்காம். ஏம்மா, அதையாவது விட்டிருக்கக் கூடாதா?"

நாகவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எம்.ஃபில். ஆய்வேடு எப்படி மொபைலுக்குள் போகும்? பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்தில், ஒரு பிரதி இந்த வீட்டுப் பரணில் கோணிப்பைகளுக்கு அடியில். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பரமுவைப் பார்த்தாள். அவன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. வல்லாரையை அரைத்து மோரில் கரைத்த தம்புளியை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு, பரமு இலையைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

"அண்ணி, உங்க ஆய்வேடு இருக்கில்ல, பாக்கு உரிக்கிற பொம்பளைங்க பத்தினது..."

"பரண்ல இருக்கு."

"இல்லை. எங்கிட்ட இருக்கு. ரெண்டு வருஷமா."

"எடுத்துட்டுப் போனியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"யார்கிட்ட என்ன கேக்கறது? நம்ம வீட்டுப் பரண்தானே."

தத்து சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தான். நாகவேணியின் புருஷன் தத்து பேசுவதைவிடப் பிசைவதுதான் அதிகம்.

"என் பிஎச்.டி.யை மெஷின்ல போட்டுப் பார்த்தாங்க. காப்பி அடிச்சிருக்கானா இல்லையான்னு பார்க்கிற சாஃப்ட்வேர். அறுபத்திரண்டு சதவீதம் ஒத்துப்போகுதுன்னு ரிப்போர்ட் குடுத்துடுச்சு."

"எதோட ஒத்துப்போகுது?"

"உங்களோடதான்."

"அந்த மெஷினுக்கு இவ எழுதினது எப்படிடா தெரியும்?" என்றாள் மாமியார் சரஸ்வதி. மகன் செய்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, மெஷின் கண்டுபிடித்ததுதான் அநியாயமாகப் பட்டது.

"பழைய ஆய்வேட்டையெல்லாம் இந்த மழைக்காலத்துல ஸ்கேன் பண்ணி ஏத்திட்டாங்க, ஆயி. எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? கன்னடத்துக்கு அந்த மெஷின் வேலையே செய்யாதுன்னு எல்லாப் பயலும் சொன்னான்."

நாகவேணி குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள். வைத்ததில் கொஞ்சம் சத்தம் அதிகமாகவே வந்தது.

"அடிக்குறிப்புன்னு ஒண்ணு இருக்கே பரமு. இது இன்னார் எழுதினது, இத்தனாம் பக்கம்னு கீழே ஒரு வரி. அதைப் போடறதுக்குக் கை வலிச்சுதா?"

"எத்தனை போட்டிருக்கேன்னு எண்ணிப் பாருங்க! இருநூத்துச் சொச்சம். ஜெர்மன்காரனுக்குப் போட்டிருக்கேன். செத்துப்போனவனுக்குப் போட்டிருக்கேன். ஒரு வரி எடுத்தாலும் பேர் போட்டிருக்கேன்."

"நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

பரமு உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"என்ன அண்ணி பேசறீங்க? ஊரான் சரக்கை எடுத்தா பேர் சொல்லணும். வீட்டு ஆளுக்கு எதுக்கு அடிக்குறிப்பு? அண்ணனோட சைக்கிளை ஓட்டிட்டுப் போறேன், அதுல 'நன்றி தத்தாத்ரேய ஹெக்டே'ன்னு போர்டா மாட்டினேன்? இந்த வீட்டுல எதையாவது யாராவது எம்பேருல வாங்கினது, உம்பேருல வாங்கினதுன்னு பிரிச்சிருக்கோமா?"

"பிரிக்கலைதான். பிஎச்.டி. வந்தா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடப்போறது மொத்த வீடுமா, நீ மட்டுமா?"

பல்லவி களுக்கென்று சிரித்துவிட்டு, மாமியார் பார்த்ததும் மோருக்குக் கை நீட்டினாள்.

சரஸ்வதி எழுந்து போய் பூஜை அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து நாகவேணி முன்னால் போட்டாள். ரிஜிஸ்தர் தபால். நாகவேணி பெயருக்குத்தான் வந்திருந்தது. உறை பிரித்திருந்தது.

"திங்கக்கிழமை வந்தது. பரமு போன் பண்ணிச் சொன்னான், நான் வர வரைக்கும் குடுக்காதேன்னு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சேன்."

"என் பேருக்கு வந்த தபால் அத்தை."

"ஆமா, இந்த வீட்டு விலாசத்துக்கு வந்த தபால்."

பல்கலைக்கழகத்து விசாரணைக் குழு எழுதியிருந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'தங்கள் ஆய்வேட்டின் களப்பணியில் தங்களுடன் வேறு எவரேனும் இருந்தனரா? இருப்பின் விவரம் தருக.'

பதிலைப் பரமு டைப் செய்தே கொண்டுவந்திருந்தான். களப்பணி முழுவதும் கொழுந்தன் பரமேஸ்வர ஹெக்டேயுடன் சேர்ந்து செய்தது என்றும், குறிப்புகள் எல்லாம் அவர் எடுத்தவை என்றும், அவர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது தன் தவறு என்றும் நாகவேணி ஹெக்டே ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"என் தவறா?" என்றாள் நாகவேணி.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. அப்படி இருந்தா நான் எடுத்தது என் சொந்த வேலைன்னு ஆயிடும். ரெண்டு இடத்துல திருத்திக் குடுத்தா விட்டுடுவாங்க. இல்லேன்னா பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அடுத்த மாசம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. இதை விட்டா எனக்கு வயசு தாண்டிடும். காலம் முழுக்க தற்காலிக வாத்தியாராவே கிடந்து சாகணும்."

"ரெண்டு நாள் டார்ச் பிடிச்சுக்கிட்டு வந்தே. அட்டை கடிக்குதுன்னு பாதி வழியில திரும்பிட்டே. அதுவா களப்பணி?"

"உங்களுக்கு என்ன நஷ்டம்னு சொல்லுங்க. அதை வச்சு நீங்க என்ன பண்ணப்போறீங்க? பதினாலு வருஷமா கோணிக்கு அடியிலதானே கிடந்தது?"

"அந்தப் படிப்பால இந்த வீட்டுக்கு ஒருதரம் வந்த நஷ்டம் போதும்," என்றாள் சரஸ்வதி. "இப்பவாவது ஒருத்தனுக்குப் பிரயோஜனப்படட்டும்."

பல்லவிக்கு மட்டும் அது என்ன நஷ்டம் என்று தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இந்த வீட்டில் அதைச் சொல்வதில்லை.

நாகவேணி அந்த ஆய்வுக்கு அலைந்தபோது கர்ப்பமாக இருந்தாள். மேல்கேரிக்கு ஏறி ஏறிப் போய் வந்தாள். வீட்டு மருமகள் உரிப்பவர்களோடு கொட்டகையில் உட்கார்ந்து கதை கேட்கிறாள் என்று சரஸ்வதி தினமும் கத்தினாள். பிறகு ஒருநாள் சிர்சி ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. பெண் குழந்தை. நடந்ததால் ஆனதல்ல, இது யாருக்கும் ஆகக்கூடியது என்று டாக்டர் பலமுறை சொன்னார். சரஸ்வதி காதில் அது ஏறவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் தொட்டில் கட்டும் பாக்கியம் வரவில்லை. நாகவேணி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, பட்டம் வாங்கக்கூடப் போகாமல், பிரதியைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டாள். மேலே படிக்கவில்லை.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாடு, சண்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆளாளுக்கு முற்றத்துக்கு ஓடினார்கள். பாதி காய்ந்த பாக்கில் ஒரு தூறல் விழுந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும், வியாபாரி முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளிப்பான். தத்து பந்தல்மேல் ஏறிப் பலகையால் பாக்கைக் குவித்தான். நாகவேணி கீழே நின்று தார்ப்பாயை இழுத்தாள்.

"நாகு," என்றான் மேலேயிருந்து.

"பேசாதீங்க. அந்த முனையைப் பிடிங்க."

"ஒரு கையெழுத்துதானே. போட்டுக் குடுத்துட்டா அவன் பாட்டுக்குப் போயிடுவான்."

"உங்களுக்கு எல்லாமே ஒரு கையெழுத்துதான்."

"அவன் வேலை போனா ஆயி உன்னைத்தான் சொல்லுவா. தினம் சொல்லுவா. நானா காது கொடுக்கப்போறேன்? நீதானே கேக்கணும்."

"பதினாலு வருஷமா கேட்டுட்டுத்தானே இருக்கேன். ஒருநாளாவது 'போதும் ஆயி'ன்னு நீங்க சொல்லியிருக்கீங்களா?"

தத்து பலகையை ஊன்றிக்கொண்டு நின்றான். கரியம்மா குவியலைச் சாக்கில் அள்ளிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஹெக்டேரே, சண்டையை அப்புறம் போடுங்க. பாக்கு நனையுது. பொண்டாட்டி நனைஞ்சா காய வச்சுக்கலாம்."

தார்ப்பாயைக் கட்டி முடிப்பதற்கும் மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. நாகவேணி ஈரத்தோடு கூடத்துக்கு வந்து, "உன் ஆய்வேட்டைக் குடு," என்று பரமுவிடம் கை நீட்டினாள்.

"அது எதுக்கு? உங்களோடதுதானே, படிக்காததா?"

"எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு பார்க்க வேண்டாமா?"

"சூட்கேஸ்ல அடியில இருக்கு. இப்ப யார் எடுக்கறது."

"நான் எடுத்துத் தர்றேன் அக்கா," என்று பல்லவி எழுந்தாள். பரமு முறைத்தான். "என்ன முறைக்கறே? எனக்கே ஒருநாள்கூடக் காட்டலை. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம் எனக்குத்தான் கடைசியில தெரியுது."

சிவப்பு அட்டை, பொன்னெழுத்து. நாகவேணி அதை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். உரிப்பவர்களுக்குச் சாயங்காலம் கொடுக்கும் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லியும் சீரகமும் வறுத்து அரைத்த வாசனைக்கு நடுவே, மணையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது கோபமல்ல. சந்தோஷம்தான் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறோம் என்று இருந்தது. வெட்டுப்பட்ட விரலைப் பற்றிய அத்தியாயம், உரிக்கும்போது தூங்காமலிருக்கப் போடும் விடுகதைகள், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் எப்படிக் குத்துவது என்பது. ஒவ்வொரு வரியும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அங்கங்கே ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டு அதே பொருளில் இன்னொரு சொல்லை நட்டிருந்தான். மெஷினை ஏமாற்றப் பார்த்திருக்கிறான்.

அப்புறம்தான் கவனித்தாள், பெயர்கள் இல்லை. அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே சொன்னவர் பெயரை எழுதியிருந்தாள். ஒரு பழமொழியைக்கூட இன்னார் சொன்னது என்று போடாமல் விடவில்லை. இவன் தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று போட்டு வைத்திருந்தான். கரியம்மா தகவலாளி ஏழு. கெட்ட வார்த்தையையும் எடுத்துவிட்டிருந்தான்.

ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்துக்கு வந்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கஷாயம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அடுப்பைப் பாருடி!" என்று சரஸ்வதி உள்ளே வந்தாள். நாகவேணி எழுந்து அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். சிவப்பு அட்டையைத் திறந்தபடியே பிடித்திருந்தாள். சரஸ்வதி அடுப்பை அணைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"பரமு, இதுல களப்பணி எந்த வருஷம்னு போட்டிருக்கே? அப்ப உனக்கு என்ன வயசு?"

"அதான் நீங்க பண்ணின வருஷம்தான். பத்தொன்பது. ஏன்?"

"கேளு." சத்தமாக வாசித்தாள். "'களப்பணியின் கடைசிக் கட்டத்தில் என் மனைவிக்கு ஆறாவது மாதம் என்பதால், அவளை விட்டுவிட்டு மேல்கேரிக்கு ஏறிப்போக இயலவில்லை. அந்தப் பெண்களே இறங்கி வந்து பேசினார்கள்.'"

பல்லவி எழுந்து வந்து பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"யாரு மனைவி?" என்றாள் பல்லவி. "யாருக்கு ஆறாவது மாசம்?"

"ஐயோ, அதை விடு பல்லவி. அண்ணி எழுதினது 'எனக்கு ஆறாவது மாதம்'னு இருந்துச்சு. ஆம்பளை நான் எப்படி அப்படியே போடறது? அதான் மாத்தினேன். ஒரு வரி. அதை எவன் படிக்கப்போறான்?"

"என்னைக் கல்யாணம் பண்ணி ஏழு மாசம்கூட ஆகலை. புஸ்தகத்துல எனக்குப் பிள்ளை உண்டாயிருக்கு. அப்புறம் அது என்ன ஆச்சு? அதையும் எழுதியிருக்கியா?"

தத்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். எடுக்கவே இல்லை.

"தேவையில்லாததைக் கிளறாதீங்க," பரமுவின் குரல் ஏறியது. "உங்களை யார் அதையெல்லாம் ஆய்வேட்டுல எழுதச் சொன்னது? ஆராய்ச்சியில எழுதற விஷயமா அது?"

"வேற எங்கடா எழுதியிருக்கு?" நாகவேணி கத்தினாள். இந்தக் கூடத்தில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. "இந்த வீட்டுல ஒரு வாய் சொல்லியிருக்கா? போட்டோ உண்டா, ஜாதகம் உண்டா? அவ இருந்தாங்கறதுக்கு உலகத்துல இருந்தது அந்த ஒரு வரிதான். விரலைப் பத்தி எடுத்தே, சரி. விடுகதையை எடுத்தே, அதுவும் சரின்னு விட்டிருப்பேன். கையெழுத்துக்கூடப் போட்டிருப்பேன், உங்கம்மா வாய்க்குப் பயந்து. என் பிள்ளையையுமாடா காப்பி அடிப்பே?"

"என் வேலை அண்ணி..."

"உன் வேலையை நான் பிடுங்கலை. நீ என் பேரைப் பிடுங்கினே, கரியம்மா பேரைப் பிடுங்கினே. பேர்கூட இல்லாத ஒண்ணு இருந்துச்சு, அதையும் விடலை."

பரமு டைப் செய்து வந்த தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். கறை படிந்த விரல் பட்டு ஓரமெல்லாம் கறுத்தது. யாரும் தடுக்கவில்லை. பரமு அண்ணனைப் பார்த்தான், தத்து துண்டை எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். சரஸ்வதி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

எழுதி முடித்ததும் பல்லவிதான் கேட்டாள். "என்னக்கா எழுதினீங்க?"

நாகவேணி வாசித்தாள். குரல் அடங்கியிருந்தது.

"'தங்கள் கேள்விக்குப் பதில். என் களப்பணியில் என்னோடு இன்னொருவர் இருந்தது உண்மை. மேல்கேரிக்கு நான் ஏறிய போதெல்லாம் கூட வந்தாள். கொட்டகையில் பேசியதையெல்லாம் என்னோடு சேர்ந்து கேட்டாள். ஆறு மாதம் இருந்தாள். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவளைத் தவிர வேறு எவரும் இல்லை.'"

பரமு செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கி நடந்தான். பல்லவி அவன் பின்னால் போகவில்லை. கொட்டகையில் கஷாயம் எங்கே என்று கரியம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாகவேணி தாளை மடிக்கப்போனாள்.

"மடிக்காதே," என்றாள் சரஸ்வதி. எப்போதும் போல அதே கடுகடுப்பு. நிலையை விட்டு நகராமலேயே சொன்னாள். "ஆறு இல்லை. ஏழாம் மாசம் பொறந்துடுச்சு. அன்னிக்கு நான் உனக்கு அவல் உருண்டை பிடிச்சு வச்சேன், நீ திங்கலை. எழுதறதைச் சரியா எழுது."

நாகவேணி 'ஆறு' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஏழு' என்று எழுதினாள்.